கடலை அலர்ஜியும் வீசிங்கும் உள்ள பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் மருந்து வைப்பது எப்படி?

ஏற்காட்டுப் பக்கம் ஒரு அரசு நடுநிலைப் பள்ளி. அங்கே மூன்றாம் வகுப்பு படிக்கும் தன் தங்கை மகளுக்காக ஒரு தாய்மாமன் கேட்டிருக்கிறார். இரண்டு வருடம் முன்பு கடலை மிட்டாய் தின்றதும் பிள்ளைக்கு உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, வாந்தி எடுத்து, சேலத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். பனி மாதங்களில் வீசிங்கும் உண்டு. தங்கை காபி எஸ்டேட்டில் வேலை பார்க்கிறார். பள்ளிக்கூடத்திலோ, "மருந்தெல்லாம் எங்களால் கொடுக்க முடியாது, தேவைப்பட்டால் வீட்டிலிருந்து யாராவது வந்து கொடுங்கள்" என்கிறார்களாம். என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

தம்பி, நான் சேலம் மாவட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன். அடிவாரத்திலும் இருந்திருக்கிறேன், மலை மேலும் இருந்திருக்கிறேன். உங்கள் தங்கை காபிப் பழம் பறித்துக்கொண்டிருக்கும்போது யாராவது ஓடிப்போய்த் தகவல் சொல்லி, அவர் சரிவில் ஏறி இறங்கிப் பள்ளிக்கூடம் வந்து சேர எவ்வளவு நேரமாகும்? கடலை அலர்ஜி அவ்வளவு நேரம் பொறுக்காது. ஆகவே மருந்து பள்ளிக்கூடத்தில்தான் இருக்க வேண்டும். அதில் பேச்சே இல்லை. அதுவும் ஐந்து நிமிடத்துக்குள் பிள்ளையின் கைக்கு வருகிற இடத்தில் இருக்க வேண்டும்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பல வருடங்களுக்கு முன் அடிவாரத்தில் ஒரு பள்ளியிலிருந்து ஐந்தாம் வகுப்புப் பையனை ஒரு டீச்சர் டூவீலரில் உட்கார வைத்து எங்கள் நிலையத்துக்குக் கொண்டுவந்தார். பையனின் அப்பா தறி ஓட்டுகிறவர். உதடு நீலம் பூத்து, தோள் ஏறி இறங்க, பையனால் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. நெபுலைசர் வைத்து, ஆக்சிஜன் கொடுத்து, அரை மணி நேரத்தில் மீண்டுவிட்டான். அப்புறம்தான் தெரிந்தது, அவனுடைய பம்ப், அதாவது வாயில் வைத்து மருந்தை உறிஞ்சும் இன்ஹேலர், பள்ளிக்கூடத்திலேயே இருந்திருக்கிறது. எச்.எம். அதை பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு மீட்டிங்குக்குப் போயிருந்தார். அவர் மேல் எனக்கு இன்றும் கோபமில்லை. மருந்து பத்திரமாக இருக்க வேண்டும், வேறு பிள்ளைகள் கை வைக்கக் கூடாது என்றுதான் பூட்டினார். ஆனால் அந்த டீச்சர் எங்கள் வராந்தாவில் உட்கார்ந்து அழுத அழுகையை நான் மறக்கவில்லை. மருந்து இருந்தது, சாவி இல்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பள்ளிக்குப் போகிற மருந்தைக் குறைப்பதுதான் முதல் வேலை. தினசரி மருந்து எதையும் பள்ளிக்கு அனுப்பாதீர்கள். வீசிங் வராமல் தடுக்கும் புடசோனைடு பம்ப் காலையும் இரவும் போடுவது, அது வீட்டில் இருக்கட்டும். அரிப்புக்கோ மூக்கொழுகலுக்கோ தினமும் செட்ரிசின் எழுதியிருந்தால் இரவு ஒரு வேளை, அதுவும் வீட்டில். மூன்று வேளை மருந்து என்று சீட்டில் இருந்தால், "மதிய வேளை இல்லாமல் மாற்றித் தர முடியுமா" என்று டாக்டரிடம் கேளுங்கள். பெரும்பாலும் முடியும். அலர்ஜிக்குக் கொடுக்கும் பழைய சி.பி.எம். (குளோர்பெனிரமின்) மாத்திரையைக் காலையில் கொடுத்து அனுப்பினால் பிள்ளை வகுப்பில் தூங்கி விழும். டீச்சர் அதை மந்தம் என்று நினைப்பார். வீசிங்குக்குக் கொடுக்கும் மாண்டெலுகாஸ்ட் மாத்திரை சாப்பிடுகிற பிள்ளை என்றால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தூக்கம் கெடுவது, எரிந்து விழுவது, காரணமில்லாமல் அழுவது போன்றவை அந்த மருந்தால் சில பிள்ளைகளுக்கு வரும். 2020-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்காக அந்த மருந்தின் மேல் கடும் எச்சரிக்கையே போட வைத்தது. குணத்தில் மாற்றம் தெரிந்தால் சொல்லும்படி டீச்சரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்படிக் குறைத்தபின் பள்ளிக்குப் போக வேண்டியவை ஆபத்துக்கு உதவுகிற மருந்துகள் மட்டும். திணறும்போது மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பூட்டமால் பம்ப், அதற்கும் வாய்க்கும் நடுவில் பொருத்தும் ஸ்பேசர் என்ற குடுவை, செட்ரிசின். டாக்டர் எழுதிக் கொடுத்தால், கடும் அலர்ஜியை நிறுத்தும் அட்ரினலின் ஊசி மருந்து.

பம்ப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்தில் இதற்குத்தான் பயம் அதிகம். "பம்ப் பழகிவிட்டால் விட முடியாது, மாத்திரையே போதும்" என்று என் கவுண்டரில் நின்று சொன்ன பெற்றோர் நூற்றுக்கணக்கானவர்கள். கணக்கைப் பாருங்கள். ஒரு முறை அழுத்தினால் பம்பிலிருந்து வருவது 100 மைக்ரோகிராம். அதே மருந்தின் சின்ன மாத்திரை 2 மில்லிகிராம், அதாவது 2,000 மைக்ரோகிராம். ஒரு மாத்திரை இருபது அழுத்தலுக்குச் சமம். மாத்திரை வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, கை நடுக்கத்தையும் படபடப்பையும் கொடுத்துவிட்டு மெதுவாக நுரையீரலுக்கு வரும். பம்ப் நேராக நுரையீரலுக்குப் போய்ச் சில நிமிடங்களில் வேலை செய்யும். மூச்சுத் திணறும்போது எது வேண்டும் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

எட்டு வயதுப் பிள்ளைக்கு ஸ்பேசர் இல்லாமல் பம்ப் கொடுத்தால் பெரும்பகுதி மருந்து வாயிலும் தொண்டையிலுமே தங்கிவிடும். ஸ்பேசர் வாங்கக் காசில்லை என்றால், 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் பம்பின் வாய் இறுக்கமாக நுழையும் அளவுக்குத் துளை போட்டு, காற்று கசியாமல் ஒட்டிக்கொள்ளலாம். இது கைவைத்தியம் இல்லை. தென்னாப்பிரிக்காவில் குழந்தைகளிடம் சோதித்து, கடையில் விற்கும் ஸ்பேசருக்கு இணையாக வேலை செய்கிறது என்று 1999-ல் மருத்துவ இதழில் வெளியிட்டிருக்கிறார்கள். கேப்ஸ்யூலைக் குத்தி உறிஞ்சுகிற ரோட்டாஹேலரை மலைப் பள்ளிக்கு நான் சொல்ல மாட்டேன். ஏற்காட்டு மூடுபனியில் அந்தத் தூள் ஈரம் இழுத்துக் கட்டிக்கொள்ளும். தவிர, திணறுகிற பிள்ளையால் வேகமாக உறிஞ்சவும் முடியாது.

எப்படிக் கொடுப்பது என்பதற்கு ஆஸ்திரேலியாவில் பள்ளிகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் கணக்கு எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் ஒரே எண்தான் நினைவில் வைக்க வேண்டும்: நான்கு. பிள்ளையை நிமிர்ந்து உட்கார வைக்க வேண்டும். பம்பைக் குலுக்கி ஒரு அழுத்தல், ஸ்பேசர் வழியாக நான்கு மூச்சு. இப்படி நான்கு அழுத்தல். அப்புறம் நான்கு நிமிடம் பார்க்க வேண்டும். தேறவில்லை என்றால் 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும் வரை அதே நான்கைத் திரும்பத் திரும்பக் கொடுக்கலாம். உங்கள் டாக்டர் வேறு அளவு எழுதினால் அதையே பின்பற்றுங்கள்.

இனி கடலை. இதில்தான் நம்மவர்கள் தவறு செய்கிறோம். உடம்பில் தடிப்புத் தடிப்பாக வந்தால் காணாக்கடி என்கிறோம். வெற்றிலையில் மிளகு வைத்து மெல்லச் சொல்கிறோம். வெறும் தடிப்பும் அரிப்பும் மட்டும் என்றால் அதனால் கெடுதல் ஒன்றுமில்லை. செட்ரிசினும் அதற்கு உதவும். ஆனால் தடிப்போடு சேர்ந்து வாந்தி வந்தால், குரல் கம்மினால், நாக்கோ தொண்டையோ வீங்கினால், இருமல் நிற்காவிட்டால், பிள்ளை துவண்டு வெளுத்துப்போனால் அதற்குப் பெயர் அனாஃபிலாக்சிஸ், உயிருக்கே ஆபத்தான அலர்ஜி. சில சமயம் தடிப்பே இல்லாமலும் வரும். அந்த நேரத்தில் செட்ரிசின் அதை நிறுத்தாது, ஸ்டீராய்டு ஊசியும் உடனே நிறுத்தாது. நிறுத்துகிற மருந்து ஒன்றுதான், தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடும் அட்ரினலின். கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்பது அளவு. 20 கிலோ பிள்ளைக்கு, மில்லிக்கு ஒரு மில்லிகிராம் இருக்கும் ஆம்பூலில் (கண்ணாடிக் குப்பியில்) 0.2 மில்லி. தேறாவிட்டால் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆனதும் இன்னொரு முறை போடுவார்கள்.

நீங்கள் சொன்ன பழைய சம்பவத்தில் வீக்கம், தடிப்பு, வாந்தி மூன்றும் இருந்திருக்கின்றன. அது சாதாரணக் காணாக்கடி இல்லை. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் பழைய சீட்டைக் காட்டி, "இவளுக்கு அட்ரினலின் கையில் வேண்டுமா" என்று நேராகவே கேளுங்கள். வீசிங்கும் உள்ள பிள்ளைக்கு இந்த ஆபத்து கூடுதல், அதையும் சொல்லுங்கள்.

வெளிநாடுகளில் இதற்குப் பேனா மாதிரி ஊசி இருக்கிறது. தொடையில் அழுத்தினால் தானே மருந்து இறங்கிவிடும். பிரிட்டனில் 2017 அக்டோபர் முதல் பள்ளிகளே மருந்துச் சீட்டு இல்லாமல் அதை வாங்கி வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் பள்ளிகள் அதை இருப்பு வைக்க ஊக்கம் தரும் சட்டம் 2013-ல் வந்தது. நம் ஊர் மருந்துக்கடைகளில் அந்தப் பேனா எளிதாகக் கிடைப்பதில்லை, வரவழைத்தால் விலை தாங்காது. ஆம்பூலை உடைத்து சிரிஞ்சில் 0.2 மில்லி எடுத்துப் போடு என்று ஒரு டீச்சரிடம் சொல்வது நியாயமும் இல்லை.

அப்படியானால் மலையில் யாரிடம் அட்ரினலின் இருக்கிறது? இதைத்தான் பலர் யோசிப்பதில்லை. கிராம சுகாதார செவிலியரிடம் இருக்கிறது. தடுப்பூசி போடும் இடத்தில் குழந்தைக்குத் திடீர் அலர்ஜி வந்தால் கொடுப்பதற்காக அவரிடம் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். வயதுக்கேற்ற அளவில் ஒரு டோஸ் போட அவருக்குப் பயிற்சியும் அனுமதியும் உண்டு. அந்த ஏற்பாடு தடுப்பூசிக்காகச் செய்தது, உண்மைதான். அதனால் உங்கள் பகுதி மருத்துவ அலுவலரைப் பாருங்கள். "இந்தப் பள்ளியில் இப்படி ஒரு பிள்ளை இருக்கிறாள், அவசரம் என்றால் செவிலியர் வந்து போடலாம்" என்று டாக்டரின் சீட்டோடு எழுதி வாங்க முயற்சி செய்யுங்கள். நான் வேலையில் இருந்தபோது இப்படி நேரில் வந்து கேட்ட பெற்றோரை எந்த டாக்டரும் விரட்டியதாக நினைவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் 108 வண்டியிலும் இந்த மருந்து இருக்கும்.

ஊசி வரும் வரை டீச்சர் செய்ய வேண்டியது கொஞ்சம்தான், ஆனால் அதில் உயிர் இருக்கிறது. பிள்ளையைப் படுக்க வைத்துக் காலை உயர்த்த வேண்டும். மூச்சு வாங்கினால் மட்டும் உட்கார வைக்கலாம். எழுப்பி நடக்க வைக்கவே கூடாது. முகம் கழுவிக்கொண்டு வா என்று குழாயடிக்கு அனுப்பக் கூடாது. வீசிங் இருந்தால் பம்ப் கொடுக்கலாம், ஆனால் பம்ப் கொடுத்தாயிற்று என்று ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. தேறிய பிறகும் சில மணி நேரம் கழித்து அதே தொல்லை திரும்ப வரலாம். ஆகவே ஆஸ்பத்திரியில் கண்காணிப்பில் இருந்துவிட்டுத்தான் வீடு திரும்ப வேண்டும். மலையிலிருந்து சேலத்துக்கு இருபது கொண்டை ஊசி வளைவு, கிட்டத்தட்ட முப்பது கிலோமீட்டர். நேராகக் கீழே இறங்கப் பார்க்காமல் பக்கத்தில் இருக்கும் நிலையத்தில் முதல் ஊசியைப் போட்டுக்கொண்டு இறங்குவதே சரி.

இப்போது எச்.எம். சொல்வதற்கு வருவோம். "ஆசிரியர் மருந்து கொடுக்கக் கூடாது" என்பது பயத்தில் வரும் பேச்சு. அந்தப் பயத்தை மதித்தே பேச வேண்டும். ஆனால் அதே பள்ளியில் குடற்புழு நீக்க நாளில் அல்பெண்டசோல் மாத்திரையை டீச்சர்தான் கொடுக்கிறார். வாராவாரம் இரும்புச்சத்து மாத்திரை, சின்னப் பிள்ளைகளுக்கு இளஞ்சிவப்பு, பெரிய பிள்ளைகளுக்கு நீலம், அதையும் ஆசிரியர்கள்தான் விழுங்க வைக்கிறார்கள். டாக்டர் எழுதி, பெற்றோர் கையெழுத்திட்டுக் கொடுக்கும் மருந்து அதைவிட ஆபத்தானதல்ல. சட்டத்தைப் பற்றிக் கவலைப்பட்டால், 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 30-வது பிரிவைச் சொல்லுங்கள். பழைய தண்டனைச் சட்டத்தில் 92-வது பிரிவாக இருந்ததுதான். சம்மதம் வாங்க வழியில்லாத நெருக்கடியில் ஒருவருடைய நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்யும் செயல் குற்றமாகாது என்பது அதன் சாரம். நீங்களோ முன்கூட்டியே எழுத்தில் சம்மதமும் கொடுக்கப் போகிறீர்கள்.

சண்டைக்குப் போகிற மாதிரி போகாதீர்கள். உங்கள் தங்கையை அழைத்துக்கொண்டு, சீட்டின் நகலோடு, எச்.எம். பெயருக்கு ஒரு விண்ணப்பம் கொடுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான் இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. அடுத்த கூட்டத்தில் இதை வைத்து, எந்த இரண்டு ஆசிரியர்கள் கற்றுக்கொள்வார்கள் என்று தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். ஒருவர் போதாது, அவர் லீவில் இருக்கும் நாளும் உண்டு. இத்தனைக்கும் பிறகும் மறுத்தால் 14417 பள்ளிக் கல்வித்துறை உதவி எண்ணில் சொல்லலாம். பெரும்பாலும் அது வரை போகாது. ஒரு டீச்சர் பம்பைக் கையில் வாங்கி, ஸ்பேசரில் பொருத்தி, வெறும் காற்றில் ஒரு முறை அழுத்திப் பார்த்துவிட்டாலே பாதிப் பயம் போய்விடும்.

விண்ணப்பத்தோடு ஒரே ஒரு தாள் வேண்டும், தமிழில். பிள்ளையின் போட்டோ, எடை, எது ஆகாது, என்ன தெரிந்தால் எந்த மருந்து எவ்வளவு, யாரை அழைப்பது, டாக்டரின் கையெழுத்தும் முத்திரையும். அறிகுறிகளை உங்கள் வீட்டுப் பேச்சிலேயே எழுதுங்கள். பிள்ளை "தொண்டையில முள்ளு மாதிரி இருக்கு" என்று சொல்கிறவளாக இருந்தால் அதையே எழுதுங்கள். சின்னப் பிள்ளைகள் "மூச்சுத்திணறல்" என்று சொல்வதில்லை. எடை வருடா வருடம் மாறும், அளவும் மாறும். ஒவ்வொரு ஜூனிலும் பள்ளி திறக்கும்போது தாளைப் புதுப்பித்து, பம்பில் எத்தனை பாக்கி என்று பாருங்கள். ஒரு பம்பில் 200 அழுத்தல் இருக்கும். எண் காட்டாத பம்ப் என்றால் பயன்படுத்தும்போதெல்லாம் தாளின் பின்பக்கம் கோடு போட வேண்டும். தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், அது தவறான கணக்கு.

எல்லாவற்றையும் ஒரு டிபன் பாக்ஸில் போட்டு, பிள்ளையின் பெயரைப் பெரிதாக எழுதுங்கள். அவள் வகுப்பறையிலோ பக்கத்து ஆசிரியர் அறையிலோ, பெரியவர் கைக்கு எட்டும் உயரத்தில், பூட்டாமல் இருக்க வேண்டும். ஜன்னலோரம் வேண்டாம், சமையற்கூடமும் வேண்டாம். சேலம் டவுன் பள்ளி என்றால் ஏப்ரல் வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் வைக்கவே கூடாது.

சாப்பாட்டில் இரண்டு அடுப்பு இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். காலை உணவுத் திட்டத்துக்கு மகளிர் சுயஉதவிக் குழுவினர் சமைக்கிறார்கள். மதியச் சத்துணவுக்கு அமைப்பாளரும் சமையலரும் வேறு. இரு தரப்பிடமும் சொல்ல வேண்டும். முட்டை ஆகாத பிள்ளை என்றால் விஷயம் எளிது, முட்டை சாப்பிடாதவர்களுக்கு வாழைப்பழம் உண்டு. கடலை அலர்ஜி உள்ள சில பிள்ளைகளுக்குக் கொண்டைக்கடலையும் ஒத்துக்கொள்ளாது. சத்துணவில் சுண்டல் வரும் என்பதால் அதை டாக்டரிடம் கேட்டுத் தெளிவு செய்துகொள்ளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். உண்மையில் ஆபத்து வருவது பள்ளி வாசல் கடையிலிருந்தும் தோழி நீட்டும் கடலை மிட்டாயிலிருந்தும்தான். பிள்ளைகளிடம் சொன்னால் கேட்பார்கள். "இவளுக்குக் கடலை ஆகாது, தெரியாமல் கொடுத்துவிடாதீர்கள்" என்று டீச்சர் வகுப்பில் ஒரு முறை சொன்னால், காவல் காப்பது அந்தப் பிள்ளைகள்தான்.

வீசிங்குக்காக இன்னும் சில. கரும்பலகை அழிப்பது, வகுப்பறை பெருக்குவது, மைதானத்தில் பார்த்தீனியம் பிடுங்குவது போன்ற வேலைகளிலிருந்து அவளை விடுவிக்கச் சொல்லுங்கள். விளையாட்டிலிருந்து விடுவிக்க வேண்டாம், ஓடட்டும். ஆறாம் வகுப்பு வந்ததும் பம்பை அவளே பையில் வைத்துக்கொள்ளப் பழக்கலாம். அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் மாணவர்கள் பம்பைத் தாங்களே வைத்திருக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. அதற்காகப் பள்ளிப் பெட்டியை எடுத்துவிடாதீர்கள், பையை வீட்டில் மறந்து வரும் நாளும் வரும்.

மலையில் உண்டு உறைவிடப் பள்ளிகளில் பிள்ளைகளை விட்டிருக்கும் பெற்றோரும் இதைப் படிக்கலாம். வீசிங் பெரும்பாலும் பின்னிரவில்தான் மோசமாகும். அதனால் உங்கள் தாளும் பெட்டியும் விடுதியிலும் ஒன்று இருக்க வேண்டும், இரவில் அங்கே தங்குகிறவருக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். பகலில் பொறுப்பாக இருக்கிற டீச்சர் இரவு பத்து மணிக்கு அங்கே இருக்க மாட்டார்.

கடைசியாக ஒரு வேலை, தம்பி. பெட்டியைக் கொடுக்கும் நாளில் பள்ளிக்கூடத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து, எந்த இடத்தில் நின்றால் போன் சிக்னல் கிடைக்கிறது என்று பாருங்கள். மூங்கில் புதருக்குப் பக்கத்தில் என்றால் "மூங்கில் புதருக்குப் பக்கத்தில் நின்று 108" என்று அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள்.